பின்சீட்டும் அரிசி மூட்டையும்

என் வீட்டுக்காரர் சாப்பர் மோட்டர் சைக்கிள் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது நான் சந்தேகப்படவில்லை. ஆம்பிளைகளுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும், குதிரைப் பந்தயத்துக்கு இது தேவலை என்று விட்டுவிட்டேன். சந்தேகம் வந்தது அதற்குப் பூசை போட்ட அன்றுதான்.

எழுபதுகளின் கடைசி அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் பட்டறையில் ஃபிட்டர் வேலை. கல்யாணமாகி நாளாகியும் பிள்ளை இல்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் போல ஒரு கப்சாய் இருந்தது. கப்சாய் என்றால் பாசாருக்கும் வேலைக்கும் ஊரே ஓட்டுகிற சின்ன மோட்டர். கோயிலோ கல்யாண வீடோ தெலுக் பங்லிமா காராங்கில் என் அண்ணன் வீடோ, எங்கே போனாலும் அதன் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். ஒரு கையில் தேங்காய் பை, இன்னொரு கை அவர் இடுப்பில். அந்தக் கப்சாயை விற்றுவிட்டுத்தான் சாப்பர் செய்தார்.

யாரோ ஓட்டித் தேய்த்த பழைய வெள்ளைக்காரன் வண்டி ஒன்று கிள்ளானில் கிடைத்தது. அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஓய்வு நேரமெல்லாம் பின்கட்டில் உட்கார்ந்து வெல்டிங் செய்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு பைப்பை ஒட்டி நீட்டிக்கொண்டே போனார். சக்கரம் ஒரு ஊரிலும் சீட்டு ஒரு ஊரிலும் இருந்தது. ஹேண்டிலைத் தோளுக்கு மேலே தூக்கிவிட்டார். பிடித்து உட்கார்ந்தால் தைப்பூசத்தில் அரோகரா போடுகிற மாதிரி இரண்டு கையும் மேலே நிற்கும். முன்பிரேக் இருந்தால் அழகு கெடுகிறதாம், கழற்றிவிட்டார். பெட்ரோல் டாங்க் ஒரு பப்பாளிப்பழ அளவு. எல்லாவற்றையும் குரோம் பூசி எடுத்துவந்த அன்று குவார்ட்டர்ஸ் முழுக்க வந்து பார்த்தது. பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது.

அதிலும் அந்தப் பின்சீட்டு! சிவப்பு ரெக்சினில் பித்தான் பித்தானாக வைத்துத் தைத்து, சாய்ந்துகொள்ள உயரமான முதுகோடு, மணமேடை நாற்காலி மாதிரி. சோபா தைக்கிற சீனனிடம் கொடுத்துச் செய்தது. அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். எனக்குத்தான் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கம் புது வண்டி வாங்கினால் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அதன் பிறகு பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலை ஒரு சுற்று. கப்சாய்க்கும் அப்படித்தான் செய்தோம். அதனால் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போய் நின்றேன். முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாமல் வலது பக்கம் மடங்கிச் சாய, இவருடைய கூட்டாளிகள் பிடித்து நிமிர்த்தி ஒரு வழியாக நசுக்கினார்கள். ஐயர் விபூதி கொடுத்தார். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீட்டுக்குப் பக்கத்தில் போனேன்.

"நீ நடந்து வா. எஞ்சின் இன்னும் பழகல."

சொல்லிவிட்டுக் கிளம்பியே போய்விட்டார். பட்டுச்சேலையோடு, இளநீர் வெட்டுகிறவன் உட்பட எல்லோரும் பார்க்க, நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எஞ்சின் பழகவில்லை என்றால் அவருக்கும்தானே பழகியிருக்காது? அவரை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறதே?

அன்றிலிருந்து என் கண் அந்தச் சிவப்பு சீட்டிலேயே இருந்தது. எனக்கு இல்லையென்றால் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளானுக்குப் போவார். அங்கே சாப்பர்காரர்கள் எல்லாம் ஒரு மரத்தடி சாப்பாட்டுக் கடையில் கூடுவார்களாம். கறுப்புச் சட்டை, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரின கிராப், கூலிங்கிளாஸ். உதைத்து ஸ்டார்ட் செய்தால் எங்கள் வீட்டு அலமாரியில் தம்ளர்கள் ஆடும். எங்கள் சந்து நேரான சந்து, அதன் கடைசிக்கு அவர் போகிறவரை நின்று பார்ப்பேன். சந்து முனையில் திரும்பி மறைவார். மறைந்த உடனே சத்தம் நின்றுவிடும்.

அவ்வளவு சத்தம் போடுகிற வண்டி போகப் போகத்தானே குறையவேண்டும்? இது முனையிலேயே கப்பென்று நிற்கிறது. அங்கே யாருக்காக நிறுத்துகிறார்? முதல் வாரம் ஏதோ ரிப்பேர் என்று விட்டேன். அடுத்த வாரமும் அப்படியேதான் நின்றது.

திரும்பி வரும்போது இன்னும் மோசம். கிள்ளானுக்குப் போய்வருகிற ரோட்டில் லோரிப் புகையும் மண்ணும் எப்படியிருக்கும் என்று கப்சாயில் போன எனக்குத் தெரியாதா? முகத்தைத் துடைத்தால் துண்டு கறுப்பாகும். இவர் வந்தால் வாரின கிராப் வாரினபடியே இருக்கும். சட்டையில் தூசி இல்லை. ஆனால் சட்டையில் கருவாட்டு வாடை. என் வீட்டுக்காரர் கருவாடு தொடமாட்டார், அவருக்காகவே நானும் சமைப்பதை விட்டவள். எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த அக்காவுக்கு ஊர்க் கதையெல்லாம் அத்துப்படி.

"போர்ட் கிள்ளான் பக்கம்தான் இருக்கும்லா," என்றார் உடனே. "மீன்காரங்க குடியிருக்கிற கம்பத்து வீடெல்லாம் அங்கதானே இருக்கு. நீ ஒண்ணும் கேக்காத. கேட்டா உஷாராயிடுவாங்க. பார்த்துக்கிட்டே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை பாசாருக்குப் போய் வந்தால் சமையல்கட்டில் அரிசி மூட்டையைக் காணோம். அப்போதெல்லாம் மளிகைக் கடையிலிருந்து கோணிச் சாக்கோடு மூட்டையாகத்தான் இறக்குவோம். அது பிரித்துக்கூட இருக்கவில்லை.

"வண்டு அரிசி. கடையில திருப்பிக் கொடுத்துட்டேன்," என்றார். சொல்லும்போது முழங்கையில் துணி சுற்றியிருந்தது. பட்டறையில் அடிபட்டதாம். சனிக்கிழமை மத்தியானம் என்ன பட்டறை?

சாயங்காலம் வேறு ஒரு மூட்டை வந்து இறங்கியது. உலையில் போட்டதுமே தெரிந்துவிட்டது, இது நாங்கள் வாங்குகிற அரிசி இல்லை. குழைந்து கஞ்சியாகிவிட்டது. மறுநாள் கடைக்குப் போய், வண்டு அரிசி விக்கிறீங்களே அண்ணே, என்று பேச்சுக் கொடுத்தேன். கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும்மா திருப்பிக் கொடுத்தா? என் கடைக்கு ஒரு மூட்டையும் திரும்பி வரலியே!"

அவ்வளவுதான். சத்தம் நிற்பதற்கும் வாடை அடிப்பதற்கும் ஆயிரம் காரணம் இருக்கலாம். பிரிக்காத மூட்டையோடு அரிசி காணாமல் போனால் அது ஒரு அடுப்புக்குத்தான் போகும். ஒரு ஆம்பிளை இன்னொரு வீட்டுக்கு அரிசி போடுகிறான் என்றால் அது சும்மா சிரித்துப் பேசுகிற சங்கதி இல்லை, குடும்பம். எனக்குத்தான் பிள்ளை இல்லை. அங்கே பிள்ளைகூட இருக்கலாம் என்று தோன்றியது. அன்று என் வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பினதும் பெட்டியில் நாலு சேலை எடுத்து வைத்தேன். கிள்ளானில் இறங்கி, கண்ணால் பார்த்துவிட்டு, அங்கிருந்தே இன்னொரு பஸ் பிடித்துத் தெலுக் பங்லிமா காராங்கில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

பஸ் சுங்கை வே தாண்டி, சுபாங் தாண்டி ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற ஒவ்வொரு மோட்டரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். சாப்பர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இவ்வளவு பேர் கிள்ளானில் கூடுகிறார்கள் என்றால் ரோட்டில் ஒன்றாவது போகவேண்டாமா? ஆக, கூட்டம் என்பதே பொய் என்று முடிவு கட்டினேன்.

கிள்ளான் டவுனுக்குக் கொஞ்சம் முன்னால், பெரிய மரங்கள் நிற்கிற இடத்தில், ரோட்டோரம் லோரிகள் நிற்பது தெரிந்தது. ஒரு லோரியின் பின்னால் பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். பலகை மேல் குரோம் பளபளக்க, நாலு பேர் பிடித்து, பெருமாளைப் பல்லக்கிலிருந்து இறக்குவது போல ஒரு சாப்பரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு சீட்டு. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, "மெல்ல, மெல்ல" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க லா!" என்று நான் கத்தின கத்தில் பஸ்ஸில் தூங்கினவர்கள் விழித்துக்கொண்டார்கள். நிறுத்தும்போது பஸ் வெகுதூரம் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தேன்.

பாதி தூரத்தில் சத்தம் வந்தது. எதிரே நேர் ரோட்டில் அவர்கள் வரிசையாக வந்தார்கள். இரண்டாவதாக இவர். கை இரண்டும் மேலே, முதுகு நேராக, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, மெதுவாக வந்தார். பெட்டியோடு ரோட்டோரம் நின்ற என்னை அவர் பார்க்கவில்லை. கூலிங்கிளாஸ் போட்டிருந்தாலும் எனக்கு முகம் நன்றாகத் தெரிந்தது. உதட்டை ஒரு மாதிரி அடக்கிக்கொண்டு, ஆனால் கன்னமெல்லாம் சிரிப்பாக, ஊரையே எழுதி வாங்கினவர் மாதிரி ஒரு முகம். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. பின்சீட்டு காலியாக இருந்தது.

காலியாக இருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது பொறாமைதான் வந்தது. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

லோரிகள் நின்ற இடத்துக்குப் போனேன். மரத்தடியில் பலகையை மடக்கிக்கொண்டிருந்த லோரிக்காரத் தம்பி இவருடைய கூட்டாளிதான், பூசையன்று சக்கரத்தைப் பிடித்தவர்களில் ஒருவன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. லோரிக்குப் பக்கத்தில் போனதுமே வாடை அடித்தது. போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கருவாடு ஏற்றி வருகிற லோரி அது. ஞாயிற்றுக்கிழமை காலியாகத் திரும்பும்போது சாப்பர்களை ஏற்றி வருகிறான்.

"ஏன் தம்பி, அதுக்குத்தான் சக்கரம் இருக்கே?"

"அண்ணி, அது ரொம்ப சூசா, அண்ணி," என்றான். சிரமம் என்று சொல்ல எங்கள் ஊரில் மலாய்ச் சொல்தான் முதலில் வரும். "நேரா போகும். கார்னர் எடுக்காது. முன்சக்கரம் அப்படியே மடங்கிடும். டாங்க் வேற சின்னது, சுபாங் ஜெயா தாண்டறதுக்குள்ள பெட்ரோல் முடிஞ்சிடும். உங்க சந்து முனையிலேயே அண்ணன் காலை ஊணித்தான் ஒரு வழியாத் திருப்புவாரு. நான் அங்கதான் லோரிய போட்டிருப்பேன். எல்லா சாப்பரும் லோரியிலதான் வருது அண்ணி, யாரும் வெளிய சொல்றதில்ல. இங்க இறக்கிட்டு, இந்த நேர் ரோட்ல மட்டும் டவுனுக்குள்ள போவாங்க."

சத்தம் நின்ற கதை தெரிந்தது. வாடையும், கலையாத கிராப்பும் தெரிந்தது. ஆனால் நான் லேசில் நம்புகிறவள் இல்லை.

"அரிசி மூட்டை?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது நீங்கதான், அண்ணி."

"என்னது?"

"உங்களை ஏத்தறதுக்கு முன்னால கட்டிப் பார்க்கலாம்னு... உங்க வெயிட்டு கிட்டத்தட்ட மூட்டை வெயிட்டுதானேன்னு அண்ணன் சொன்னாரு. பின்சீட்ல கயிறு போட்டுக் கட்டி ஓட்டினாரு. பந்து விளையாடற பாடாங் இருக்குல்ல, அங்க. பின்னால பாரம் ஏறினதும் முன்சக்கரம் தரையிலயே நிக்கல. திருப்பத்துல விழுந்துட்டாரு. மூட்டை கிழிஞ்சு அரிசி பூரா கொட்டிப்போச்சு. காக்கா, புறா எல்லாம் வந்துடுச்சு. அண்ணன் அங்கேயே உட்கார்ந்துட்டாரு. 'இது அவளா இருந்தா?' அப்படின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

ரோட்டோரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்பார்களே, அதெல்லாம் இல்லை, நான் நன்றாகவே அழுதேன். பிறகு எழுந்து லோரியின் முன்சீட்டில் ஏறினேன். "கடைக்கு விடுப்பா."

மரத்தடிக் கடையில் சாப்பர்கள் வரிசையாக நின்றன. ஆட்கள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இவர் தே தாரிக் டீ கிளாஸோடு நடுவில் உட்கார்ந்து, கோலாலம்பூரிலிருந்து எவ்வளவு நேரத்தில் வந்தார் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். கருவாட்டு லோரியிலிருந்து நான் பெட்டியோடு இறங்குவதைப் பார்த்ததும் கிளாஸ் கையிலேயே நின்றுவிட்டது. அந்த முகம் என் கண்ணெதிரே கழன்று விழுந்தது.

"அரிசி மூட்டை வந்திருக்கு," என்றேன். "ஏத்திக்கிட்டுப் போங்க."

லோரியில் வந்தவர்கள் எல்லாம் குனிந்துகொண்டார்கள். இவர் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார்.

"ஏத்த முடியாது. விழுந்துடுவ."

"அப்புறம் யாருக்கு அந்த சீட்டு?"

"உனக்குத்தான்."

"உட்கார முடியாத சீட்டா எனக்கு?"

"சொன்னா நீ சிரிப்ப," என்றார். "ஊரே சிரிக்கும். அவ்வளவு பாடுபட்டு, ஓடாத வண்டியச் செஞ்சிருக்கான்னு." அதற்குப் பதிலாக நான் வீட்டில் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொன்னேன், போர்ட் கிள்ளான் அடுப்பு முதல் பிள்ளைவரை. என் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். கிள்ளானிலிருந்து இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம், சாப்பர் லோரியில் வந்தது.

மறுவாரமே அவர் ஃபோர்க்கை வெட்டிவிட்டார். நான் வெட்டச் சொல்லவில்லை, அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டிலை இறக்கினார், முன்பிரேக் போட்டார், பெரிய டாங்க் மாட்டினார். சந்து முனையில் சத்தம் நிற்காமல் திரும்பியது. கூட்டாளிகள் வந்து பார்த்துவிட்டு, "கப்சாய்க்கு அண்ணன் மாதிரி இருக்கு," என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு அவர் போகவில்லை.

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோயிலைச் சுற்றினார். அண்ணன் வீட்டுக்குப் போனோம். சிவப்பு சீட்டு மெத்தென்றிருந்தது, முதுகு சாய்ந்தால் தூக்கம் வந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் நான் தூங்கவில்லை. ஹேண்டிலில் சின்ன வட்டக் கண்ணாடி ஒன்று இருந்தது. எட்டி எட்டி அதில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போவேன். நல்ல முகம்தான், வேலைக்குப் போகிற முகம். அந்த முகம் இல்லை.

"என்ன அடிக்கடி எட்டிப் பார்க்கிற?"

"பின்னால லோரி வருதான்னு பார்த்தேன்," என்பேன்.

தீபாவளிக்கு வீடு கழுவும்போது அரிசி டின்னுக்குப் பின்னால் கோணிச் சாக்கில் ஏதோ சுற்றி வைத்திருந்தது. கிழிந்த சாக்கு, எங்கள் பழைய அரிசி மூட்டைச் சாக்குதான். பிரித்தால் உள்ளே வெட்டி எடுத்த ஃபோர்க் பைப் இரண்டு. சமையல்கட்டில் அவ்வளவு நாள் கிடந்தும் ஒரு துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று இருந்தன. நான் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் எடுத்துத் துடைத்திருக்க வேண்டும். ஆக, நான் சந்தேகப்பட்டது முழுக்க வீண் இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. சாக்கை இருந்தபடியே சுற்றி, அதே முடிச்சைப் போட்டு, அரிசி டின்னை இன்னும் கொஞ்சம் நகர்த்தி நன்றாக மறைத்து வைத்தேன்.

அந்த ஞாயிறு மோரிப் கடற்கரைக்குப் போனோம். பந்திங் தாண்டினதும் ஒரு நேர் ரோடு வரும், இரண்டு பக்கமும் தென்னை. வழக்கமாக அங்கே "மெதுவா போங்க" என்பேன். அன்று சொல்லவில்லை. அவர் இடுப்பிலிருந்து கையை எடுத்து, சீட்டின் முதுகில் சாய்ந்துகொண்டு, "கையை மேல தூக்கிப் பிடிச்சு ஓட்டுவீங்களே, அந்த மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க," என்றேன்.

நிமிர்ந்தார், காலை முன்னால் நீட்டினார். நான் கண்ணாடியை எட்டிப் பார்த்தேன். கிள்ளான் ரோட்டில் பார்த்த அந்த முகத்தில் பாதி வந்திருந்தது. இந்த முகக் கதையை நான் சொன்னபிறகு, மீதியும் வந்துவிட்டது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் இன்னும் நம்பவில்லை.